ஆறு ஃபிரேம்

லாரன்ஸ் ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் என் அறை.
கீழே நாள் முழுக்க ஒரு பச்சை வெளிச்சம்
பட்டாக்களின் மேல், சாதிச் சான்றிதழ்களின் மேல்,
யாரோ ஒருவரின் இறப்புச் சான்றின் மேல்
போய்ப் போய்த் திரும்பும்.
மேலே நான்
ஒரு குதிப்பைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன்.

பழைய விளையாட்டு. ஒரு நரி, பனிப்பாறைகள்.
ஏழாம் வகுப்பில், முதுநகர் பிரவுசிங் சென்டரில்
மணிக்குப் பதினைந்து ரூபாய்க்கு ஆடியது.
அதுவே எரித்த சிடிதான்,
மேலே மார்க்கரில் ‘நரி 2’ என்று மட்டும்.
யார் செய்தது, எந்த ஊர், ஒன்றும் இல்லை.

நிறுத்தி நிறுத்தி எண்ணினேன்.
மேலேற இருபத்திரண்டு ஃபிரேம், கீழிறங்கப் பதினாறு.
ஏறும்போது ஒரு புவியீர்ப்பு, இறங்கும்போது இன்னொன்று.
பிறகு அதைக் கண்டேன்:
பாறை முடிந்த பிறகும்
ஆறு ஃபிரேம் பாறை இருக்கிறது.
கால் வெற்றுவெளியில்; பிந்தி அழுத்தினாலும்
நரி தாவிவிடும்.
நொடியில் பத்தில் ஒரு பங்கு.
யாரோ ஒருவர் உட்கார்ந்து
இந்தப் பிள்ளைகளின் விரல் கொஞ்சம் தாமதிக்கும் என்று
யோசித்து வைத்தது.
பன்னிரண்டு வயதில் நான்
என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன்.

என் விளையாட்டில் நரி இல்லை.
உப்பனாற்றில் உரசி நிற்கும் படகுகள்,
தலையில் ஐஸ் கூடையோடு
ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் ஒருத்தி.
ஆறை அப்படியே வைக்கக் கூச்சமாக இருந்தது.
படகை ஆடவிட்டேன்:
அலை தூக்கினால் ஒன்பது, இறக்கினால் மூன்று.
இது என்னுடையது என்று சொல்லிக்கொண்டேன்.

ஆடிப் பார்த்தவர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள்.
நரியிடம் எடுத்ததுதானே என்று நாலைந்து பேர் கேட்டார்கள்.
அஞ்சலாட்சியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.
மூன்று காலை, பாலத்தில் நின்று, போனில்
அவள் முழங்கால் மடங்குவதைப் படம் பிடித்தவள் நான்.
அவளையும் கேட்கவில்லை.

மார்கழியில் ஒரு விளையாட்டு வந்தது.
படகுக்குப் பதில் ரயில் பெட்டிகள்.
அதே ராத்திரி எண்ண உட்கார்ந்தேன்.
ஒன்பது, மூன்று.
நாலாவது தாவலில் இடது கால்
ஒரு புள்ளி தரைக்குள் புதையும் என் பிழை
அங்கேயும், நாலாவது பெட்டியில், ஒரு புள்ளி.
வயிறு எரிந்தது.
‘படத்துக்குக் கேஸ் போடலாம், பாட்டுக்குப் போடலாம்,
தாவுறதுக்கு எப்படிடி போடுவே?’ என்றாள்
மஞ்சக்குப்பம் கோர்ட்டில் ஜூனியராக இருக்கும் லூர்துமேரி.

கீழே கடையில் ஹசீனா
ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்பாள்:
‘ஒரிஜினலை எடுத்துக்கிட்டீங்களா?’
பாதிப் பேர் நகலை எண்ணி வாங்கிக்கொண்டு
அசலை மூடிக்கு அடியில் விட்டுப் போகிறவர்கள்.
அவள் இழுப்பறை நிறைய அசல்கள்.

மறுநாள் துறைமுகத்துக்குப் போனேன்.
அஞ்சலாட்சி கையைப் புடவையில் துடைத்துவிட்டு
போனை வாங்கினாள்.
மூன்று தடவை தண்ணீரில் விழுந்தாள்.
‘இது நானா? இடுப்பு இவ்ளோ சின்னதா?’
நாலாவது தடவை விழுந்ததும் கோபம் வந்துவிட்டது.
‘படகு ஏறும்போது எவ தாவுவா?
எறங்கறப்பதான் கொஞ்சம் நின்னு குடுக்கும்.
தலகீழா வெச்சிருக்கியே.’

இதுக்குக் காசு வருமா என்று கேட்டாள்.
வந்தால் தருகிறேன் என்றேன்.
இருநூற்றுப் பதினொரு ரூபாய் வந்திருப்பதைச் சொல்லவில்லை.

அன்றிரவு எண்களை இடம் மாற்றினேன்.
பெயர்ப்பட்டியலில் அவளைச் சேர்த்தேன்.
நரியைச் செய்தவருக்கு ஒரு வரி
காலியாகக் கிடக்கிறது.

பத்து நாளில் ரயிலிலும் மாறியிருந்தது.
தூக்கினால் மூன்று, இறக்கினால் ஒன்பது.

ரயிலுக்கு ஏது அலை.